மூன்று நாள் தீட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு முதலில் தெரிந்தது ஒரு கறுப்புக் குடை. ரப்பர் மரங்களுக்கு நடுவே வரும் செம்மண் பாதையில் அது அதிகம் ஆடாமல் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தை நோக்கி வந்தது. மழை இல்லை. வெயிலும் இன்னும் ஏறவில்லை. குடைக்குக் கீழே ஓர் அம்மாள். அவருக்குப் பின்னால், துணி மூடிய தாம்பாளத்தோடு ஒரு பெரியவர். கடைசியில் வெள்ளைக் கால்சட்டையும் தேய்த்த சட்டையும் போட்ட ஓர் இளைஞர்.

வாசலுக்கு வந்ததும் அம்மாள் குடையை மடக்கினார். பெரியவர் அதை வாங்கி, அவர்களுக்காகப் போட்டிருந்த பெஞ்சில் ஓர் இடம் ஒதுக்கிச் சாய்த்து வைத்தார்.

"நல்ல காரியத்துக்கு மூணு பேரா போகக் கூடாதுன்னு சொல்லுவாங்க. அதான் குடையை நாலாவது ஆளாக் கூட்டிட்டு வந்தோம். அதுக்கும் ஒரு காப்பி குடுங்க தங்கச்சி," என்றார்.

என் அம்மா சிரித்தார். அன்று அவர் சிரித்தது அப்போதுதான் முதல் தடவை.

என் தங்கையைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். குடையோடு வந்தவர் மாப்பிள்ளையின் தாயார். பெரியவர் அவருடைய அண்ணன், மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். மாப்பிள்ளை பெக்கோக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆஸ்பத்திரி டிரெசர். காயத்துக்குக் கட்டுப் போடுவது, மருந்து கலந்து கொடுப்பது அவர் வேலை. எங்கள் தோட்டமோ யோங் பெங்கிலிருந்து நான்கு மைல் உள்ளே. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி உறவினரைப் பார்க்கப் போன இடத்தில் கையை வெட்டிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டுப் போட்டவரின் கைப்பக்குவத்தில் மயங்கி, அப்படியே பேசி முடித்துக்கொண்டு வந்த சம்பந்தம் இது. நான் அப்போது ஜொகூர் பாருவில் தங்கி, தினமும் கடற்பாலத்தைத் தாண்டிப் போய், சிங்கப்பூரில் வெளிவந்த ஒரு தமிழ்ப் பத்திரிகையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலத் தந்திகளைத் தமிழில் பெயர்ப்பது என் பொறுப்பு. தங்கைக்காக முதல் நாளே தோட்டத்துக்கு வந்துவிட்டேன்.

தங்கைக்கு வயது இருபது. இதற்கு முன் இரண்டு இடங்கள் வந்து நின்றுபோயிருந்தன. இரண்டும் ஒரே காரணத்தால். "தகப்பன் வழி ஆளுங்க யாருன்னே தெரியலையே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் அப்பா ஐரோப்பியச் சண்டைக்கு முன்னால் கப்பலில் வந்தவர். அம்மாவை இந்தத் தோட்டத்தில்தான் கட்டினார். எனக்குப் பத்து வயதும் தங்கைக்கு ஐந்து வயதும் ஆனபோது காய்ச்சலில் போய்விட்டார். அவர் பக்கத்தில் இந்த நாட்டில் சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. தம்பி ஒருவர் கூட வந்தார் என்றும், வழியில் பிரிந்தார் என்றும், பிறகு செத்துப்போனார் என்றும் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறோம். பெண் கொடுப்பவர் வீட்டில் சபையில் உட்கார ஒரு பெரியப்பாவோ சித்தப்பாவோ இல்லை என்றால் அது தோட்டத்தில் சின்னக் குறை அல்ல.

காப்பி வந்தது. குடைக்கும் ஒரு டம்ளர் வைத்தாள் தங்கை. தாய்மாமன் அதையும் எடுத்துக் குடித்தார். பிறகு வழக்கமான கேள்வி வந்தது.

"உங்க வீட்டுக்காரருக்கு எந்த ஊரு?" என்று மாப்பிள்ளையின் தாயார் கேட்டார்.

அம்மா ஊரின் பெயரைச் சொன்னார். தனக்குத் தெரிந்த ஒரே அடையாளத்தையும் சேர்த்துச் சொன்னார். "ஏரிக்கரைன்னுவாரு. வேப்பமரம். அதுக்குக் கீழ ஏழு கல்லு. கன்னிமாரு."

அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏழுல ஒரு கல்லு சாஞ்சு கெடக்குமா?"

"ஆமா. நடுக்கல்லு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கப்பல்ல ரெண்டு பேரா வந்தாங்களா?"

"ரெண்டு பேருதான். தம்பிக்குக் காய்ச்சல்னு தீவுல நிறுத்திக்கிட்டாங்களாம். இவரை மட்டும் படகுல ஏத்திட்டாங்களாம்."

"அந்தக் காய்ச்சக்காரரைத்தான் நான் கட்டினேன்," என்றார் அவர்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அது வேலைப் பழக்கம். ஒன்பது மணி நாற்பது நிமிடம். இரண்டு பெண்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அடுத்த வீட்டார் துக்கமோ என்று எட்டிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தந்தை ஆறு வருஷத்துக்கு முன்புதான் இறந்திருந்தார். சாகிறவரை கூட வந்தவரைத் தேடினார் என்று அவர் மனைவி சொன்னார். கண்ணில் படுகிற வண்டிக்காரர், துணி வியாபாரி எல்லாரிடமும் விசாரிப்பாராம். என் அம்மா அதைக் கேட்டுத் திகைத்துப் போனார். அந்தத் தம்பி இருபது வருஷத்துக்கு முன்பே இறந்துவிட்டார் என்றல்லவா நாங்கள் நினைத்திருந்தோம்.

இந்த மகிழ்ச்சி பத்து நிமிடம் நீடித்தது. தாய்மாமன்தான் முதலில் தெளிந்தார். அவர் பெஞ்சிலிருந்து எழுந்து, திறந்து வைத்திருந்த தாம்பாளத்தின் மேல் துணியைப் போட்டு மூடினார்.

"அலமாக்! எல்லாரும் அழுதுட்டு இருக்கீங்களே, யாராவது யோசிச்சீங்களா? அவங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பின்னா இதுங்க ரெண்டும் என்ன? அண்ணன் தங்கச்சி. பங்காளி வீட்டுல பொண்ணு எடுக்க முடியுமா?"

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் டம்ளர் கழுவும் சத்தம் நின்றது.

மாப்பிள்ளை செருப்பின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் தாயார் தாம்பாளத்தைக் கையில் எடுத்தார். திரும்பக் கொண்டுபோகத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். அவர் அதை எங்கள் சாமி படத்தின் முன்னால் வைத்தார்.

"கொண்டு வந்ததை நான் திருப்பி எடுத்துட்டுப் போக மாட்டேன். பொண்ணுக்கு இல்லன்னா போவட்டும். இது என் வீட்டுக்காரரோட அண்ணனுக்கு."

நான் அவருக்கு நன்றிக்கடன் பட்டவன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் பெண் கேட்க வந்து அது கைகூடாமல் போகும்போது மனிதர்கள் எப்படி விடைபெறுவார்கள் என்பது எனக்குத் தெரியும். இரண்டு தடவை பார்த்திருந்தேன். இவர் என் தங்கையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, தலையில் பூ வைத்து, "சித்தின்னு கூப்பிடு" என்றார். அவள் கூப்பிட்டாள். புறப்படும்போது வெயில் ஏறியிருந்தும் குடையை எங்கள் வீட்டில் மறந்துவிட்டுப் போனார்.

அவர்கள் போன பிறகு தங்கை பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா சொந்தம் யாருன்னு தெரியலைன்னு ரெண்டு போச்சு. தெரிஞ்சதால ஒண்ணு போச்சு."

அவள் அழவில்லை. அடுத்த நாள் விடிவதற்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, பால்வாளியோடு மரம் சீவும் வெட்டுக்குப் போனாள் என்று அம்மா பிறகு சொன்னார்.

மாப்பிள்ளை புறப்படுகையில் என்னிடம் தனியாக ஒன்று சொல்லியிருந்தார். அவருடைய தந்தையின் பழைய சீட்டு ஒன்று வீட்டில் இருக்கிறதாம். தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது தோட்டத்து எழுத்தரான கிராணி எழுதிக் கொடுத்தது. "அதுல பிரதர்னு போடலை. கசின்னு போட்டிருக்கு. அம்மாகிட்ட சொல்லி ஆசை காட்ட வேணாம்னு பேசாம இருந்தேன். நீங்க இங்கிலீஷ் படிச்சவங்க. அதுக்கு என்னா அர்த்தம்?"

அந்தச் சொல்லோடு எனக்கு நல்ல பழக்கம் உண்டு. தந்திகளில் அது வரும். ஓர் அரசரின் கசின் வந்தார், ஒரு மந்திரியின் கசின் இறந்தார். தமிழில் எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடும். சித்தப்பா மகனா, பெரியம்மா மகனா, மாமன் மகனா, அத்தை மகனா? முதல் இரண்டும் நமக்குச் சகோதரர். அடுத்த இரண்டும் மச்சான். ஒருவரோடு சொத்துக்குச் சண்டை போடுவோம், இன்னொருவரோடு சம்பந்தம் செய்வோம். அந்த மொழிக்காரர்களுக்கு நாலும் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு பிரபுவின் கசினை 'அத்தை மகன்' என்று எழுதிவிட்டேன். ஆசிரியர் தாளைத் திருப்பி அனுப்பினார். "அவரோட அத்தையை உமக்குத் தெரியுமா? தெரிஞ்சா முறையை எழுதும். தெரியாட்டி உறவினர்னு எழுதும்" என்றார். அதிலிருந்து அப்படியே எழுதி வந்தேன். இப்போது என் வீட்டு விஷயத்தில் அந்தச் சொல் போதவில்லை.

இரண்டு வாரம் கழித்து அம்மாவும் நானும் பெக்கோக் போனோம். குடையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது காரணம். யோங் பெங்கில் பஸ் ஏறி லாபிஸில் இறங்கி, அங்கே ரயிலுக்குக் காத்திருந்து, பெக்கோக்கில் இறங்கி, மாட்டுவண்டியில் தோட்டம் போய்ச் சேர அரை நாளுக்கு மேல் ஆயிற்று. தோட்டத்து முகப்பில் ஓர் இரும்புப் பாலம் இருந்தது. வண்டிக்காரர் அதைக் காட்டி, "இதனாலதான் நம்ம சனங்க இதைப் பாலத்துத் தோட்டம்னு சொல்றது. வெள்ளைக்காரன் வச்ச பேரு யாரு வாயிலயும் நுழையாது" என்றார்.

அம்மா என் கையைப் பிடித்தார். "உங்கப்பாவும் இந்தப் பேரைத்தான் சொன்னாரு," என்றார் மெதுவாக. நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது என் கவனக்குறைவு.

எங்களைக் கண்டதும் அந்த வீட்டில் அடுப்பு இரண்டாயிற்று. மெர்சிங்கிலிருந்து வந்த கருவாட்டை எங்களுக்காக எடுத்து வைத்திருந்தார்கள். 'சித்தி' என்று நான் கூப்பிட, அந்த அம்மாள் என் தட்டில் மூன்றாம் தடவையாகச் சோறு வைத்தார். தாய்மாமன் குடையை வாங்கி விரித்துப் பார்த்து, "ரெண்டு வாரம் பொண்ணு வீட்டுல சாப்பிட்டு நல்லா இருக்குது. ஒரு சுத்து பெருத்துப் போச்சு" என்றார். பிறகு தாம் சொன்னது எந்த இடத்தில் படுகிறது என்று தெரிந்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்ததும் சீட்டு வந்தது. பிஸ்கட் தகரத்துக்குள், துணியில் சுற்றி. மடிப்பில் கிழிந்து நாலு துண்டாயிருந்தது. மாப்பிள்ளை துண்டுகளைச் சேர்த்து வைத்தார். பெயர், தகப்பன் பெயர், வயது, காய்ச்சல்காரர்களை நிறுத்திவைக்கும் நோய்க் காப்புத் தீவிலிருந்து வந்து சேர்ந்த நாள். கீழே ஒரு வரி: உடன் வந்த கசின் முன்பே வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். தகப்பன் பெயர் என் தாத்தாவின் பெயர் அல்ல. உடன்பிறந்தவர்கள் இல்லை என்பது அத்தோடு தெளிவாயிற்று. தாய்மாமன் அசையவில்லை.

"சித்தப்பன் பெரியப்பன் பிள்ளைங்களா இருந்தா? அப்பவும் பங்காளிதான்லா. இந்தக் கிராணிக்கு அதெல்லாம் எங்க தெரியும்?"

அவர் சொன்னது சரி. சீட்டு பாதி வாசலைத் திறந்தது, அவ்வளவுதான். மாப்பிள்ளையின் தாயாரிடம் கேட்டேன், அவர் கணவர் என் அப்பாவை என்ன முறை சொல்லிப் பேசுவார் என்று. "அவருன்னுதான் சொல்வாரு. அவரு எங்க இருக்காரோ, அவரு சாப்பிட்டாரோ. நான் அண்ணன்னு நெனச்சுக்கிட்டேன். கேக்கத் தோணலை." என் அம்மாவிடம் கேட்டேன். "தம்பின்னுவாரு. சின்னவங்க எல்லாருமே அவருக்குத் தம்பிதான். வேலை வாங்குற மண்டோர் மகனையும் தம்பின்னுதான் கூப்பிடுவாரு."

இந்த இடத்தில்தான் அந்த அம்மாள், எனக்குத் தோன்றாத ஒரு கேள்வியை என் அம்மாவிடம் கேட்டார்.

"என் வீட்டுக்காரர் உசிரோட இருக்கறப்பவே செத்துட்டாருன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. கடுதாசி வந்துச்சு."

"நாங்க எழுதவே இல்லியே."

"முனை கிழிஞ்ச கடுதாசி," என்றார் அம்மா.

அங்கிருந்த எல்லோருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. சாவுச் செய்தி எழுதுகிறவர்கள் கடிதத்தின் ஒரு முனையைக் கிழித்துத்தான் அனுப்புவார்கள். அதை வீட்டுக்குள் எடுத்துப் போக மாட்டார்கள். வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுகுவார்கள். எழுத்துத் தெரியாதவருக்கும் அந்த முனை தெரியும்.

அம்மா சொன்னது இது. எனக்கு ஆறு வயது. துணி வியாபாரி ஒருவர், அப்பாவின் ஆள் பாலத்துத் தோட்டத்தில் இருப்பதாகத் தகவல் கொண்டுவந்தார். அப்பா தோட்டத்துப் பள்ளி வாத்தியாரிடம் சொல்லிக் கடிதம் எழுதிப் போட்டார். ஒரு மாதம் கழித்து, பாலத்துத் தோட்டத்திலிருந்து என்று சொல்லித் தபால்காரர் ஓர் உறையைக் கொடுத்தார். வாத்தியார் அதற்குள் ஊருக்குப் போயிருந்தார். படிக்க ஆளில்லை. அப்பா உறையின் முனையைப் பார்த்தார். பிரிக்கவே இல்லை. வாசலில் நின்றபடியே நாலாகக் கிழித்து ஓடையில் போட்டார்.

"எந்த முனைம்மா?" என்று கேட்டேன்.

அம்மா காற்றில் ஓர் உறையைப் பிடித்தார். வலது கையால் மேல் முனையைத் தொட்டுக் காட்டினார்.

"அதுல தபால்தலை இருந்துச்சா?"

"அந்த எடந்தான் இல்லியே. அங்கதானே கிழிஞ்சிருந்துச்சு."

பத்திரிகை ஆபீசுக்கு வரும் உறைகளில் பாதி அப்படித்தான் என் மேசைக்கு வரும். தபால்தலை சேர்க்கிறவர்கள் அந்த முனையைக் கிழித்துக்கொள்வார்கள். ஜொகூரில் பாலத்துத் தோட்டம் என்று நம்மவர்கள் சொல்லும் தோட்டம் ஒன்றல்ல. ஆறு உள்ள இடத்தில் எல்லாம் பாலம் உண்டு. அப்பாவின் கடிதம் வேறொரு பாலத்துத் தோட்டத்துக்குப் போயிருக்கிறது. அங்கே அந்தப் பெயரில் ஆள் இல்லை. யாரோ தபால்தலைக்காக முனையைக் கிழித்துக்கொண்டு, கடிதத்தை அனுப்பியவருக்கே திருப்பிவிட்டிருக்கிறார்கள். கடைசிப் பகுதி என் ஊகம். மற்றதற்குச் சாட்சி இருந்தது.

அம்மா என் முகத்தைப் பார்த்து, நான் சொல்வதற்கு முன்பே புரிந்துகொண்டார்.

"அப்ப அது அவரு எழுதின கடுதாசியா?"

"ஆமாம்மா."

"தன் கடுதாசிக்கே தலை முழுகினாரா?"

அந்த அம்மாள் என் அம்மாவின் தோளில் கை வைத்தார். துக்கம் விசாரிக்கிறவர்களின் குரலில், இருபது வருஷம் பிந்தி, கேட்டார்: "எத்தனை நாளு தீட்டுக் காத்தாரு?"

"மூணு நாளு."

தாய்மாமன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பங்காளி செத்தால் பதினாறு நாள். மாமன் மச்சான் என்றால் மூன்று நாள். இதைச் சொல்லிக்கொடுக்க எங்களுக்குப் புத்தகம் வேண்டியதில்லை. ஆனாலும் அவர் எளிதில் விடுகிறவர் அல்ல.

"தோட்டத்துல பதினாறு நாளு யாரு காத்தா? நாலாம் நாளு வெட்டுக்குப் போவலைன்னா கங்காணி வீட்டுக்கே வந்துருவான். மூணு நாளை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"வெட்டுக்குப் போனதை நான் சொல்லலை அண்ணே," என்றார் அம்மா. குரல் மாறியிருந்தது. "அதுக்கு அடுத்த வாரம் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. இவனுக்குக் காய்ச்சல் தீந்ததுக்கு வேண்டுதல். அவரு தீச்சட்டி எடுத்தாரு. கோயிலைச் சுத்தி மூணு சுத்து. பங்காளி செத்தா அந்த வருசம் பூரா கோயில் வாசப்படி மிதிப்பாங்களா? அந்த மனுசன் தீட்டோட தீச்சட்டியைத் தொடுவாரா? என் பிள்ளைக்குன்னு எடுத்த சட்டியை?"

தாய்மாமன் வெற்றிலையை எடுத்தார், காம்பைக் கிள்ளினார், மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு தன் தங்கையின், மாப்பிள்ளையின் தாயாரின், பக்கம் திரும்பினார். என்னைப் பொறுத்தவரை, அந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது அவர்தான்; அதுவும் ஒரு பழைய கோபத்தைக் கொண்டு.

"இவனுக்குக் காது குத்தினப்போ உன் புருசன் எனக்கு ஒரு அவமானம் பண்ணினானே, ஞாபகம் இருக்கா?"

"இப்ப எதுக்கு அது?"

"நான் ஒருத்தன் தாய்மாமன். மடியில வச்சுக் காது குத்த ஒரு மணை போதும். அவன் ரெண்டு மணை போட்டான். இன்னொண்ணு யாருக்குடான்னு கேட்டேன். இன்னொரு மாமன் இருக்கான், வந்தா உக்காருவான்னு சொன்னான். அந்தக் காலி மணைக்கு முன்னால வெத்தலை பாக்கு வேற வச்சான். உனக்கு வேற அண்ணன் தம்பி இல்ல. என்னைக் கேலி பண்றான்னு நெனச்சு நான் அன்னிக்குச் சாப்பிடாமப் போனேன். ரெண்டு வருசம் இந்த வீட்டுப் பக்கம் வரலை."

அந்த அம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டார். "நான்தானே உன்னை வந்து கூட்டிட்டு வந்தேன்."

"பங்காளியா இருந்தா பெரியப்பன்னு சொல்லியிருப்பான். பெரியப்பனுக்கு எதுக்கு மாமன் மணை?" என்ற தாய்மாமன் என் அம்மாவிடம் திரும்பினார். "இவன் அப்பனோட மச்சான், இவனுக்கு மாமன். அந்த மணை உங்க வீட்டுக்காரருக்குப் போட்டது தங்கச்சி. இருபத்து மூணு வருசமா நான் ஒரு காலி மணைகூடச் சண்டை போட்டுட்டு இருந்திருக்கேன்."

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. பிறகு எல்லோரும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரித்துக்கொண்டே அழுதார்.

அதற்கப்புறம் வேலை வேகமாக நடந்தது. தாய்மாமன் தானே உள்ளே போய், தாம்பாளம் ஒன்றைத் தேடி எடுத்து, வீட்டில் இருந்த தேங்காயையும் வெற்றிலையையும் வைத்து, அம்மாவின் முன்னால் நீட்டினார். "அண்ணன் தங்கச்சின்னு சொன்ன வாயாலயே சொல்றேன். முறைப்பொண்ணு. குடுங்க." நான் அந்த அம்மாளை இரண்டு வாரமாகச் சித்தி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்று மாலையிலிருந்து அத்தை. மாப்பிள்ளை என்னை, "மச்சான்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அந்தச் சொல்லை அந்த வீட்டில் அந்த முறையில் ஒருவர் சொல்வதற்கு ஒரு தலைமுறை ஆகியிருந்தது.

தங்கையிடம் நானே வந்து சொன்னேன். முழுவதையும் கேட்டாள். கடைசியில், "அவங்களைச் சித்தின்னு கூப்பிட்டது செல்லாதா?" என்று மட்டும் கேட்டாள்.

"செல்லாது. இனிமே அத்தை."

"நல்ல வேளை. அவங்க பிள்ளையை அண்ணான்னு கூப்பிட என் வாய்க்கு வரவே இல்லை," என்று சொல்லிவிட்டு, பால்வாளியைக் கழுவப் போய்விட்டாள்.

பிற்பாடு எழுத்து வேலையில் எத்தனையோ செய்திகளைச் சரிபார்த்திருக்கிறேன். சாட்சி சொல்லுகிறவர் தனக்குச் சாதகமாகச் சொல்வதுதான் வழக்கம். தனக்கு எதிராக, தன் கோபத்தையே எடுத்து மேசைமேல் வைத்த மனிதரை நான் அந்த ஒருவரைத்தான் பார்த்தேன். அவர் வாயை மூடிக்கொண்டு வெற்றிலையை மடித்திருந்தால் என் தங்கையின் கதை வேறு. அவருக்கும், திருப்பி எடுத்துப் போகாத தாம்பாளத்துக்கும், மறந்துபோன குடைக்கும் எங்கள் வீடு கடன்பட்டிருக்கிறது. குடையைத் தான் மறக்கவில்லை என்றும், நாங்கள் வந்துதான் ஆக வேண்டும் என்பதற்காக விட்டுப் போனதாகவும் அத்தை பல வருஷம் கழித்துச் சொன்னார். நான் நம்பினேன்.

கல்யாணம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. மணவறைக்குப் பக்கத்தில் இரண்டு மணைகளைப் போட்டார் தாய்மாமன். இரண்டின் முன்னாலும் வெற்றிலை பாக்கு வைத்தார். ஒன்று என் அப்பாவுக்கு, ஒன்று மாப்பிள்ளையின் அப்பாவுக்கு. இரண்டிலும் ஒருவரும் உட்காரவில்லை. குடையும் வந்திருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அவர்கள் தோட்டத்துக்குக் கூட்டிப்போகத் தோட்டத்து லாரி வந்து நின்றது. பின்பக்கம் பெஞ்சு போட்டு அத்தையும் அம்மாவும் உட்கார்ந்தார்கள். நான் ஓட்டுநருக்குப் பக்கத்தில். பஸ்ஸும் ரயிலும் மாறிப் போக வேண்டியதில்லை என்றார் ஓட்டுநர். தோட்டங்களுக்கு நடுவே ஒரு மண்பாதை போகிறது, பால் லாரிகள் காலங்காலமாக ஓடுவது. பாதை மேடும் பள்ளமுமாக இருந்தது. மழைத் தண்ணீர் தேங்கிய இடங்களில் இறங்கித் தள்ளினோம். இரும்புப் பாலத்தைத் தாண்டி லயத்தின் முன்னால் லாரி நின்றதும், ஓட்டுநர் பெட்ரோல் புத்தகத்தை எடுத்துப் பென்சிலை நாக்கில் நனைத்து, புறப்பட்டபோது எழுதிய எண்ணைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். அப்பாவின் லயத்துக்கும் அவர் மச்சானின் லயத்துக்கும் இடையே உள்ள தூரத்தைக் கழித்து எழுதினார்.

பதினொரு மைல்.